கையைத் தூக்கியவள்

"சார், ஒரு சந்தேகம்."

மறுபடியும் செர்வாதான். புதன்கிழமை, இன்னும் பத்து மணிகூட ஆகவில்லை. அன்றைக்கு இது ஐந்தாவது கேள்வி.

"கேளுங்க ஆன்ட்டி" என்றான் லான்டே.

"நேத்து திரையில மலை இருந்துச்சு. இன்னிக்கு கடல் வந்திருக்கு. நான் எதையாவது அழுத்திட்டேனா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"புது சிஸ்டத்துல படம் தானா மாறும் ஆன்ட்டி. கடல் வெளிய வந்து உங்கள நனைக்காது."

அறை முழுக்கச் சிரிப்பு. செர்வாவும் சேர்ந்து சிரித்தாள்.

குமாசி நகரில் இருந்த கோக்கோ விவசாயிகள் சங்கத்தின் பன்னிரண்டு கணினிகளிலும் பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டிருந்தார்கள். அதைப் பழக்கிவிடத்தான் தலைநகர் அக்ராவிலிருந்து லான்டே வந்திருந்தான். ஐந்து நாள் பயிற்சி, வெள்ளிக்கிழமை தேர்வு. தேறாதவர்களின் பெயரைத் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். பட்டியலில் பெயர் ஏறினால் மேஜை வேலை போயிற்று. அடுத்த வாரத்திலிருந்து கிடங்கில், மூட்டைகளோடு.

மற்ற பதினொரு பேரால் அவனுக்குத் தொந்தரவே இல்லை. அதிலும் முன்வரிசை நானா ஒபோக்கு. பதிவுப் பிரிவில் மூத்தவர். தன் கிராமத்துக்குத் தலைவரும்கூட. நிமிர்ந்து உட்கார்ந்து, சொல்வதையெல்லாம் கேட்டு, ஒரு முறை தலையசைப்பார். அவ்வளவுதான்.

அவர் பக்கத்து நாற்காலியில்தான் செர்வா. ஸ்டார்ட் பட்டன் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஏன் வந்தது? முந்தா நாள் வைத்த கடிதம் எங்கே போயிற்று? பிரிண்டர் பெயர் ஏன் இரண்டு தடவை காட்டுகிறது? மூச்சு விடாமல் கேட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில், இலைப் பொட்டலத்தைப் பிரித்தபடி பின்வரிசை அடோமா சீண்டினாள். "ஆன்ட்டி, அந்த மெஷினுக்கே இவ்வளவு சந்தேகம் இருக்காது."

"எனக்கு எதுவும் மெதுவாத்தான்டி ஏறும். அந்த மீனை இப்படித் தள்ளு, மூளைக்கு நல்லதாம்."

வியாழக்கிழமை எல்லாத் திரையிலும் ஒரே அறிவிப்பு: 'அப்டேட் ஆகிறது. கணினியை அணைக்காதீர்கள்.'

செர்வாவின் கை எழுந்தது. "நாம அணைக்க மாட்டோம் சார். கரண்டு போச்சுன்னா?"

நியாயமான கேள்வி. குமாசியில் கரண்டு யாரைக் கேட்டுக்கொண்டு போகிறது? யு.பி.எஸ். பேட்டரியை முதலில் சரிபார்க்க வேண்டும் என்பதைச் சொல்ல லான்டே மறந்தே போயிருந்தான். சொல்லி முடித்ததும் எரிச்சல்தான் மிஞ்சியது.

"ஆன்ட்டி, உங்க ஒருத்தரால மத்தவங்க பாடம் கெடுது. கொஞ்சம் அடக்கி வாசிங்க."

"சரிங்க சார்."

அன்று மாலையே பட்டியலில் முதல் பெயராக அவள் பெயரை எழுதினான். தேர்வு வைத்துத்தான் தெரிய வேண்டுமா என்ன?

வெள்ளிக்கிழமை எல்லோரும் பூப்போட்ட துணியில் பளிச்சென்று வந்திருந்தார்கள். செர்வா வந்ததும் வராததுமாக இரண்டு கேள்வி கேட்டாள். பிறகு தேர்வு. ஒரு விவசாயிக்குக் கடிதம் அடித்து, புது ஃபோல்டரில் வைத்து, பிரிண்டருக்கு அனுப்ப வேண்டும்.

நான்காவது நிமிஷம் முதல் தாள் வந்தது. லான்டே எடுத்துப் பார்த்தான். செர்வாவுடையது. பிழையே இல்லை.

வரிசையாக மற்ற தாள்களும் வந்தன. நானா ஒபோக்கு நிதானமாக, யாரையும் திரும்பிப் பார்க்காமல், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி முடித்தார். பன்னிரண்டு பேரும் தேறிவிட்டார்கள்.

எல்லோரும் எழுந்து போனபின் செர்வாவை மட்டும் நிறுத்தினான்.

"ஆன்ட்டி, நீங்க மவுஸையே தொடல. அந்தக் குறுக்குவழியெல்லாம் நான் சொல்லித் தரவே இல்லையே."

"வீட்டுல இதே சிஸ்டம்தான் தம்பி. ரெண்டு வருஷமா."

"அப்ப மலை, கடல், பிரிண்டர் எல்லாம்?"

"கேள்வி கேட்டேன். என்னோடதுன்னு சொன்னேனா?"

"வேற யாரோடது?"

செர்வா சிரித்தாள். "எங்க பக்கம் தலைவருங்க சபையில நேரா வாய் திறக்க மாட்டாங்க. பக்கத்துல கோல் பிடிக்கிறவர் காதுல சொல்லுவாங்க. அவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசுவார். அது யார் பேச்சுன்னு அவர்கிட்ட யாரும் விசாரிக்கிறதில்ல. இங்க எனக்குக் கோல் ஏது? கையைத் தூக்கினேன்."

லான்டே மேஜைமேல் இருந்த பட்டியலை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

"இதுல முதல் பேரு உங்களோடது."

"தெரியும். நேத்தே பார்த்தேன், திறந்துதானே கிடந்துச்சு."

"பார்த்துமா இன்னிக்குக் காலையில ரெண்டு கேட்டீங்க?"

"என்ன பண்றது, அவருக்கு இன்னும் ரெண்டு புரியாம இருந்துச்சே."

லான்டே அவள் பெயரின் மேல் அழுத்திக் கோடு அடித்தான். கீழே எழுத வேறு பெயரும் இல்லை. "அடுத்த வாரம் தமாலேயில பயிற்சி" என்றான் மெல்ல. "அங்க யாராவது கையைத் தூக்கினா இனிமே சிரிக்க மாட்டேன் ஆன்ட்டி."

"சிரிங்க தம்பி, அதுல தப்பில்ல. ஆனா பதில் சொல்லிட்டுச் சிரிங்க."

அவளை வழியனுப்ப வாசல்வரை வந்தவன் அங்கேயே நின்றுவிட்டான்.

ஊரில் தன் குடையைக்கூடத் தானே பிடித்தறியாத நானா ஒபோக்கு, செர்வாவின் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவளுக்காக வெயிலில் காத்து நின்றார்.