மூலை குத்தக் கூடாது

"கூண்டோட மூலை குத்தக் கூடாது" என்று வாடிக்கையாளர் மூன்றாவது தடவையாகச் சொன்னார். "வெட்டி ஒட்டினா விளிம்பு உடம்பைக் கிழிச்சிடும். வளைச்சே கொடுங்க."

சதுரக் குழாயை அவ்வளவு நெருக்கி வளைத்தால் நசுங்கிப்போகும். வெல்டர் உள்ளே மணலை இறுக்கி அடைத்து, பழுக்கக் காய்ச்சி, சுருக்கம் விழாமல் வளைத்தார். நாய் மேல் இப்படி ஒரு பாசமா என்று அவருக்கு மனசு இளகிவிட்டது.

"கொக்கி போதாதா சார்? நாய் திறக்கவா போகுது?"

"பூட்டுதான் வேணும். ரெண்டு தடவை ரோட்டுக்கு ஓடியாச்சு."

கூண்டை வீட்டில் இறக்கியதும், தலையணையோடு ஒரு வயதான அம்மாள் வந்து மூலைகளைத் தடவிப் பார்த்தார்.

"எங்கேயும் குத்தலைப்பா. உன் கை நல்லா இருக்கணும்" என்று வெல்டரை வாழ்த்திவிட்டுக் குனிந்து உள்ளே போனார்.

வாடிக்கையாளர் பூட்டினார். "சாயங்காலம் வந்துடுவேம்மா."