வால் போன பல்லி

கதவிடுக்கில் வால் அறுந்த பல்லி ஒன்று, இனி முளைக்காதோ என்று பயந்து, எல்லாரும் கூடிப் பேசும் பெரிய சுவரில் போய்ச் சொன்னது.

“கதவுப் பக்கம் யார் போகச் சொன்னது?” என்றது ஒரு பல்லி.

“யார் தலையில் விழுந்த பாவமோ!” என்றது இன்னொன்று.

அப்போது குண்டுப் பல்லி ஒன்று முன்னே வந்தது. தன் வாய்க்கு வந்த ஈசலை அது பறித்துத் தின்றதிலிருந்து, இரண்டு மழைக்காலமாக வால் போன பல்லி அதன் முகத்தில் விழிப்பதில்லை.

“அண்ணே, எனக்கும் போன வருஷம் அறுந்துச்சு. இதோ, முளைச்சிருக்கு பாருங்க” என்று குண்டுப் பல்லி திரும்பி வாலை ஆட்டிக் காட்டியது.

“குட்டையா இருக்கே?”

“குட்டைதான்ணே. ஆனா இருக்கு.”

காலையிலிருந்து அடைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

“திருட்டுப் பயலே, இன்னொரு தடவை ஆட்டிக் காட்டு” என்றது வால் போன பல்லி.