நாலாவது மாடி

"நாலாவது மாடி எங்க மேஸ்திரி?"

முய் போட்ட சத்தத்தில் ஹோ மேஸ்திரியின் கையிலிருந்த தூரிகை நழுவியது. "ஐயாவோட ஹோட்டல் எல்லாத்துலயும் மூணுக்கு மேல அஞ்சுதானேம்மா?"

சீனாவின் மக்காவ் நகரில் நாலு சாவு எண்; சீனத்தில் நாலும் சாவும் ஒரே மாதிரி ஒலிக்கும். எந்த முதலாளியும் அதை மாடிக்கு வைக்க மாட்டான்.

"இங்க தங்கப்போறவங்க நாலுக்குப் பயப்பட மாட்டாங்க. ஏத்துங்க."

"மூங்கிலை மறுபடி கட்டணும்மா."

"கட்டுங்க. இருட்டறதுக்குள்ள முடியணும்."

கைப்பேசி அலறியது. அவள் கணவன் குவான், ஊரே கும்பிடும் சூதாட்ட விடுதி அதிபர்.

"எங்க தொலைஞ்சே? நாளைக்குத் திறப்பு விழா. பெரிய மனுஷங்க எல்லாம் வர்றாங்க."

"உங்க புது ஹோட்டலைத்தான் பார்த்துட்டு இருக்கேன்."

"பார்த்து என்ன கிழிக்கப்போறே? நூடுல்ஸ் கடைக்காரி மகளுக்கு அதுல என்ன புரியும்?" பட்டென்று வைத்துவிட்டான்.

அந்த நூடுல்ஸ் கடை மாடியில் ரெண்டு மேசை போட்டுத்தான் அவன் தொழிலையே ஆரம்பித்தான். பிறகு மாமியாரிடம் நைச்சியமாகப் பேசிக் கடையை எழுதி வாங்கினான். அதை இடித்துத் தன் முதல் ஹோட்டலைக் கட்டினான்.

எழுதிக் கொடுத்தவளுக்கு அதில் ஓர் அறைகூடத் தரவில்லை. "ரூம் வாடகைக்குத்தான், தர்மத்துக்கு இல்ல" என்றான். ஜன்னல் இல்லாத ஒரு பொந்தில் கிடந்து செத்தாள் முய்யின் அம்மா.

செத்த பிறகாவது விட்டானா? காகிதத்தில் செய்து எரித்தால் இறந்தவர்களுக்குப் போய்ச் சேரும் என்று, ஹோட்டல் பின்வாசலில் முய் அம்மாவுக்கு ஒரு காகிதச் சட்டை கொளுத்தினாள். "சலவைக்கல்லுல கரி படியுது" என்று காவலாளியை விட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னான். நனைந்து கிடந்ததை அவள் அழுதுகொண்டே அள்ளினாள். மனுஷனா அவன்?

பொழுது சாய்வதற்குள் நாலாவது மாடி ஏறிவிட்டது. தங்க உச்சி, நீச்சல் குளம், வாசலில் சீருடைக் காவலாளி, எல்லாம் குவானின் புது ஹோட்டலை உரித்து வைத்திருந்தன. முய் குனிந்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கியது.

"சொந்தக்காரர் பேர் எழுதணும்மா."

"லாவ் யுக்-லான். எங்கம்மா."

மேஸ்திரி சிவப்பு எழுத்தில் வாசலில் எழுதினார். முய் கைப்பையிலிருந்து குவானின் புகைப்படத்தை எடுத்து, முகத்தை மட்டும் கத்தரித்து நீட்டினாள்.

"கதவு திறந்துவிடற காவலாளிக்கு இந்த முகத்தை ஒட்டுங்க."

அவர் தயங்கித் தயங்கி ஒட்டினார். முய் தீப்பெட்டியைத் திறந்தாள்.

மேஸ்திரி பதறிப்போய்க் குறுக்கே வந்தார். "வேணாம்மா! காகித ஹோட்டல் உங்கம்மாவுக்குப் போகட்டும், சரி. ஐயா இன்னும் உயிரோடதானே இருக்காரு? அவர் முகத்தை எரிக்கலாமா?"

முய் குச்சியை உரசினாள்.

"அதனால என்ன? சீக்கிரமா வேலைக்கு வந்து சேரட்டும்."