நாலு மணிக்குத் துஃபான்

"மணி மூணேகால். இன்னும் முக்கா மணி நேரத்துல புயல் வந்துடும்டா" என்றான் தணிகைமணி, ஏழாவது பஜ்ஜியை எடுத்துக்கொண்டே.

திருத்தணியில் திலீப் வீட்டு வாசல். தகர ஷீட்டுக்குக் கீழே மூன்று பிளாஸ்டிக் சேர், மூன்று சிநேகிதர்கள். தணிகைமணிக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை, தன்வீர் பைபாஸில் வண்டி மெக்கானிக், திலீப்புக்கு ஜெராக்ஸ் கடை. மூவரும் இன்று லீவு. புயலைத் தவிர எல்லோரும் வந்தாயிற்று.

வானம் மூடிக் கிடந்தது, அவ்வளவுதான். டிவிக்காரர்கள்தான் காலையிலிருந்து நெல்லூருக்கும் சென்னைக்கும் நடுவில் வட்டம் போட்டுப் பயம் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

திலீப் மட்டும் பஜ்ஜியைத் தொடவில்லை. பாவம், முப்பத்து மூணு வயசு. ஆறு சம்பந்தம் வந்து ஆறும் தட்டிப்போய், ஏழாவதாக ஆந்திரா பக்கம் நகரியிலிருந்து சினேகா 'சரி' சொல்லியிருந்தாள். இன்று சாயங்காலம் அவள் வீட்டார் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பதாக ஏற்பாடு. அதற்கென்றே புது சோபா வாங்கிப் போட்டிருந்தான்.

பகல் பன்னிரண்டு மணிக்குப் பெண்ணின் அப்பா சுப்பிரமணி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார், தெலுங்கில். அதோடு எல்லாம் கவிழ்ந்தது.

"இன்னொரு தபா போடுடா அத்த" என்றான் தன்வீர்.

திலீப் போனை அழுத்தினான். "நாலு கண்ட்டலக்கு துஃபான் ஒஸ்துந்தி பாபு. மீ வீதி பெத்ததேனா?"

"நாலு மணிக்குத் துஃபான் வருதாம். உங்க தெரு பெருசான்னு கேக்கறாரு" என்று திலீப் பெருமூச்சு விட்டான்.

"தெலுங்குலயும் துஃபான்னா புயல். எங்க ஊட்டு உருதுலயும் துஃபான்னா புயல். ரெண்டு பாஷை சொல்லுது, அப்புறம் இன்னா சந்தேகம்?" தன்வீர் தீர்ப்பே சொல்லிவிட்டான்.

"அவருக்கு நம்ம தெரு இன்னாத்துக்குடா?" என்றான் தணிகைமணி.

"காத்து எப்டி பூரும்னு கவலப்படறாரு. நல்ல மனுசன்பா" என்றான் தன்வீர்.

"நானும் தெரு பெருசுதாங்க, ஜாக்கிரதையா இருக்கோம்னு அனுப்பிட்டேன். அப்புறம் போட்டா நாட் ரீச்சபிள்." திலீப் போனை மடியில் போட்டான். "இன்னும் பாபுன்னுதான் கூப்புடறாரு பாரு. மாப்பிள்ளைன்னு முடிவாயிட்டா அவங்க அல்லுடுன்னு கூப்புடுவாங்க. வீடு பாக்கற அன்னிக்கே புயல் வந்துட்சின்னா சகுனம் சரியில்லன்னுட மாட்டாங்களா? இந்த ஜென்மத்துல என்ன யாராச்சும் அல்லுடுன்னு கூப்புடுவாங்களாடா?"

"நான் கூப்புடறேன். அல்லுடு, அந்தத் தட்ட இப்டி தள்ளு" என்றான் தணிகைமணி.

திலீப்புக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அவன் அம்மா, விருந்தாளிகளுக்காகக் கிண்டிய கேசரியைச் சட்டியோடு கொண்டுவந்து வைத்தாள். "அவங்கதான் வரப்போறதில்ல. நீங்களாச்சும் துன்னுங்க" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போனாள். பத்தே நிமிஷத்தில் சட்டி காலி. தணிகைமணி அதை விரலால் வழித்ததையும் சொல்லிவிட வேண்டும், அப்புறம் விட்டுவிட்டேன் என்று பேர் வரக்கூடாது.

சும்மா சொல்லக்கூடாது, பையன்கள் மத்தியானம் வேலையும் செய்திருந்தார்கள். எதிர்வீட்டுக் கன்னியம்மாளுக்கு ஓலைக் கூரை. "பலமா ஊதினா அது நிக்காதுடா" என்று திலீப்தான் முதலில் எழுந்தான். அவளுடைய அரிசி மூட்டை, டிவி, துணி மூட்டை, இரண்டு ஆடு, எல்லாம் இப்போது திலீப் வீட்டு ஹாலில். ஆடுகளைக் கட்ட வேறு இடமில்லை, புது சோபாவின் காலில் கட்டியிருந்தான். கன்னியம்மாள் ஆடுகளுக்குத் தழை ஒடிக்கப் போயிருந்தாள்.

மணி நாலு.

"எங்கடா புயல்? ஒரு இலைகூட ஆடல" என்றான் தணிகைமணி.

தெருமுனையில் ஹாரன் அடித்தது. நீளமான வெள்ளை வேன் ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றது. முன்சீட்டிலிருந்து தழைக்கட்டோடு குதித்தது நம்ம கன்னியம்மாள்!

"வழி கேட்டாங்க, இட்டாந்தேன். வர்ற வழியெல்லாம் நீ செஞ்சதத்தான் சொல்லிகினு வந்தேன்" என்றாள் திலீப்பைப் பார்த்து.

பின்னாலேயே பூ, பழத் தட்டுகளோடு பதினோரு பேர் இறங்கினார்கள். நடுவில் சுப்பிரமணி.

தன்வீர் நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டான். மாசத்துக்கு நாலு தடவையாவது இதே ரக வண்டிக்கு பிரேக் பார்க்கிறவன். "அடப்பாவி, வண்டி மேல இன்னா எழுதிக்கீது பாருடா!"

முன்கண்ணாடிக்கு மேலே கொட்டை எழுத்தில் இருந்தது அந்த வேனின் பேர். துஃபான்.

திலீப்புக்கு உயிரே போய்விட்டது. இடுப்பில் பழைய லுங்கி, தலையில் மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் கவர். பட்டு வேட்டி பீரோவுக்குள், கேசரி தணிகைமணிக்குள். ஆறோடு இதுவும் ஏழு என்று மனசுக்குள் எண்ணிவிட்டான்.

சுப்பிரமணி நேராக ஹாலுக்குள் போனார். அரிசி மூட்டையைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், சோபா உறையை மென்றுகொண்டிருந்த ஆட்டைப் பார்த்தார். திரும்பிக் கன்னியம்மாளைப் பார்த்தார். அவள் 'நான் சொல்லல?' என்பதுபோல் தலையாட்டினாள்.

அவர் மீசை லேசாக அசைந்தது.

"நாங்க உக்காரணும், ஆட்ட கொஞ்சம் ஓரமா கட்டு அல்லுடு."