ஆதார் முகம்

மனைவி பூங்கோதையின் பிறந்தநாளுக்கென்று இணையத்தில் கைக்கடிகாரம் வாங்கினேன். கிரெடிட் கார்டு என்னுடையதுதானா என்று விற்பவர்களுக்குச் சந்தேகம். ஆதார் அட்டையும் கையுமாக ஒரு படம் கேட்டார்கள். அனுப்பினேன்.

“அட்டையில இருக்கறது நீங்க இல்லையே சார். சாயங்காலத்துக்குள்ள சரியான படம் வரலேன்னா ஆர்டர் கேன்சல்” என்றாள் போனில் ஒரு பெண்.

“ஆதார்ல யாரும்மா அவங்களா இருக்காங்க?” என்றேன். அவள் சிரிக்கவில்லை.

கண்ணாடி முன் நின்று அட்டையிலிருந்த முகத்தை நானூறு தடவை பழகினேன். விழி பிதுங்கி, வாய் கோணி, திருடனைப் பார்த்துவிட்ட திருடனைப்போல. அந்த முகத்தோடு எடுத்த படத்தை ஏற்றுக்கொண்டார்கள். முகம்தான் பழையபடி திரும்பவில்லை.

பிறந்தநாளன்று கீழே இறங்கிப் போய்ப் பார்சலை வாங்கி வந்து மணியடித்தேன்.

“யாரு வேணும்?” என்றாள் பூங்கோதை. அட்டையை நீட்டினேன். என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, “என்னங்க, உங்க கார்டோட யாரோ வந்திருக்காரு” என்று கூப்பிட்டாள்.

யார் வருகிறார் பார்க்கலாம் என்று நானும் ஆவலாக நின்றேன்.