சீமையில் பிடித்த பழக்கம்

"கதவைத் தட்டாதீங்கண்ணா! அவரு இப்பத்தான் எடுத்துக்கிட்டு உக்காந்திருக்காரு."

ராமக்காள் அடுப்படியிலிருந்து பறந்து வந்து அறைக் கதவுக்குக் குறுக்கே கைகளை விரித்து நின்றாள். தட்டப் போன வெங்கடாசலத்தின் கை அந்தரத்தில் நின்றது. மணி காலை பதினொன்றுகூட ஆகவில்லை.

வெங்கடாசலம் பெண்ணைப் பெற்றவர். மனைவி பாஞ்சாலியோடு பொம்மிடியிலிருந்து வத்தல்மலைக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்தார்.

மாப்பிள்ளை தமிழ்ச்செல்வனுக்கு முப்பத்தாறு வயது. ராமக்காள் தன் மகனுக்காக வாங்கிப் பார்த்த ஜாதகங்களை அடுக்கி வைத்திருந்தால் வத்தல்மலை இன்னும் நாலடி உயர்ந்திருக்கும். இந்த இடமும் தட்டிப்போனால், பெண் கேட்டுப் போக இந்த ஜில்லாவில் இனி ஊர் பாக்கியில்லை.

"மாப்பிள்ளையோட அப்பாவைப் பாக்காம எப்படி அண்ணி தட்டு மாத்தறது?" என்றாள் பாஞ்சாலி. அவள் கண் மூடிய கதவை விட்டு நகரவில்லை. "வர்ற வழியில பஸ்ஸுல என்னென்னமோ பேசிக்கிறாங்க. சீமையிலேர்ந்து உங்க மக மாசாமாசம் அவருக்குப் பார்சல் அனுப்பறாளாமே? போன தடவை பஸ் மேலேர்ந்து உருண்டு, கொண்டை ஊசி வளைவுல நாலு குட்டிக்கரணம் போட்டும் ஒடையவே இல்லியாம்!"

"சீமைச் சரக்குடி. சும்மாவா?" என்று பெருமூச்சு விட்டார் வெங்கடாசலம்.

ராமக்காளுக்கு வேர்த்து ஊற்றியது. தை மாசக் குளிரில் வத்தல்மலையில் வேர்த்த முதல் மனுஷி அவளாகத்தான் இருப்பாள்.

"எல்லாம் அந்தச் சீமையில, வேல்ஸுல புடிச்சதுண்ணா. இவரு ரிட்டயரானதும், எங்க மக பாரதி கூப்பிட்டாளேன்னு ஆறு மாசம் போயிருந்தோம். காடும் மேடுமா ஒரு பட்டிக்காடு. ஆளைவிட ஆடு ஜாஸ்தி. நாளெல்லாம் மழை, எலும்பைக் கடிக்கிற குளிரு. பேச ஒரு நாதியில்லை."

"அப்புறம்?"

"அப்புறமென்ன? சாயங்காலமானா அந்த ஊர்ப் பெருசுங்க ஒரு எடத்துல வட்டமா உக்காந்துக்கும். இவரையும் கூட்டிப் போயி நடுவுல உக்கார வெச்சு, கையில குடுத்துட்டாங்க."

"படுபாவிங்க," என்றாள் பாஞ்சாலி.

"மொத நாளு வேணாம் வேணாம்னுதான் சொன்னாரு. இப்ப கையில இல்லாட்டி வெரலு பரபரங்குது. ஒண்ணு முடியங்காட்டியும் அடுத்ததை ஆரம்பிச்சிடறாரு. சோத்துக்குக் கூப்ட்டா, 'பாதியில வுட்டா கெட்டுரும்'ங்கறாரு. கண்ணு ரெண்டும் கோவைப்பழமாட்டம் செவந்து கெடக்குது."

அந்த நேரம் பார்த்துக் கதவுக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளையின் அப்பா பச்சியப்பனின் குரல், மந்திரம் ஓதுவதுபோல் வந்தது. "இருபத்தொண்ணு... இருபத்திரெண்டு... இருபத்திமூணு..."

வெங்கடாசலம் வாயைப் பிளந்தார். "ரவுண்டா எண்றாரு?" அந்தக் கேள்வியில் பயம் துளியும் இல்லை. கோயில் வாசலில் நிற்பவனின் பக்தி இருந்தது.

பாஞ்சாலி நேராக விஷயத்துக்கு வந்தாள். "மறைக்காதீங்க அண்ணி, பொண்ணு குடுக்கற எடம். சீட்டாட்டமா?"

"ஐயையோ, இல்லீங்க."

"வேற பொம்பள சகவாசம்?"

"அவரு மூஞ்சிக்கா?"

"அப்ப குடிதானே?"

ராமக்காள் கதவைப் பார்த்தாள். சுவரில் இருந்த முருகனைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "ஆமாங்க" என்றாள்.

அடுத்த கணம் வெங்கடாசலம் சிரித்த சிரிப்பில் தோட்டத்து மிளகுக் கொடியே ஆடிப்போயிற்று.

"அட, இவ்ளோதானா தங்கச்சி! ஏதோ கெட்ட பழக்கமோன்னு பயந்தே போயிட்டேன். ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான் இருப்பான். நானே மலையேறக் குளிருமேன்னு ஒரு கட்டிங் போட்டுட்டுத்தான் வரேன்."

அவர் வாயிலிருந்த ஏலக்காய் அதுவரை கட்டிக் காத்த ரகசியம் கூடம் முழுக்கப் பரவியது.

"இவருக்கு அவரு தேவலாம் அண்ணி," என்றாள் பாஞ்சாலி, மனம் குளிர்ந்து. "உங்கவரு வூட்டுக்குள்ள கதவை மூடிக்கிட்டு மரியாதையா இருக்காரு. இவரை நான் தெனமும் ரோட்டுலேர்ந்து பொறுக்கியாறேன்."

காபி ஆறுவதற்குள் நிச்சயத்துக்கு நாள் குறித்தாயிற்று. கிளம்பும்போது வெங்கடாசலம் மூடிய கதவைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார்.

"சம்மந்தியைத் தொந்தரவு பண்ண வேணாம் தங்கச்சி. நிச்சயத்தன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் தனியா உக்காந்து பேசிக்கறோம்."

அவர்கள் ஏறிய பஸ் வளைவில் மறையும்வரை கையாட்டிவிட்டு வந்து, ராமக்காள் அறைக் கதவைத் திறந்தாள். ஜன்னலோரம் மூக்குக் கண்ணாடியோடு மடியைப் பார்த்துக் குனிந்திருந்த பச்சியப்பன் நிமிரவே இல்லை.

"ஒரே சிரிப்பும் கும்மாளமுமா இருந்துச்சே. என்ன சொன்னாங்க?"

"சம்மதிச்சிட்டாங்க. நீங்க குடிகாரருன்னு சொன்னேன்."

"அடிப்பாவி! நான் டீ கூடக் குடிக்க மாட்டேனேடி!"

"பின்ன? ஸ்வெட்டர் பின்ற ஆம்பளைன்னு சொன்னா எவன் பொண்ணு குடுப்பான்?"