மூப்பர் விழிக்கும்வரை

காரைக்குடியின் சின்ன பிரஸ்பிட்டேரியன் ஆலயத்தில் சனிக்கிழமை மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கடைசி பெஞ்சுவரை நீட்டிவிட்டது. சபை உயிர்பெற வேண்டுமென்று எல்லாரும் சேர்ந்து செய்யும் எழுப்புதல் ஐக்கிய ஜெபத்துக்கு வந்த நாலைந்து பேரும் வழக்கம்போல அங்கேதான் ஒண்டியிருக்கிறார்கள். இன்றும் யாரும் வாய் திறக்காவிட்டால் இந்தக் கூடுகையை நிறுத்திவிடுவதென்று போதகரின் மனைவி ஜெனிட்டா முடிவுசெய்திருக்கிறாள். "யாராச்சும் ஒருத்தர் சத்தமா ஜெபிங்க," என்று முன்னால் நின்று மைக்கில் மறுபடியும் கேட்கிறாள். மின்விசிறி மட்டும் கிறீச்சிடுகிறது. எல்லார் கண்ணும் சபை மூப்பர் தேவசகாயத்தின் மேல். அவர் தொடங்காமல் இந்தச் சபையில் யாரும் ஜெபித்ததில்லை. அவரோ தாடை நெஞ்சில் படியத் தூங்குகிறார். "மூப்பரு இன்னும் ஆரம்பிக்கலையே, பாஸ்டரம்மா," என்கிறாள் தையல்கடை எப்சிபா. "அவுக தூங்குறாக, அக்கா," என்கிறாள் ஜெனிட்டா. "எந்திரிக்கட்டுமே. நமக்கென்ன, ரயிலுக்கா நேரமாச்சு?" யாரோ சிரிப்பை இருமலாக மாற்றுகிறார்கள். ஜெனிட்டா மைக்கை அணைக்கிறாள். முன்னால் நிற்கத் தெம்பில்லாமல் நடந்துவந்து எப்சிபாவின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்கிறாள். ஜெபத்துக்கென்று வைத்திருந்த நல்ல வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. கண்ணை மூடி, "ஆண்டவரே, ரொம்ப அசதியா இருக்கு," என்கிறாள். வெளியே ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. மூப்பரின் பக்கம் திரும்பிப் பார்க்காமலே, "எனக்குந்தான் ஆண்டவரே," என்கிறாள் எப்சிபா.